படம் எடுங்கள், ஆனால் கேட்டு எடுங்கள்



என்னிடம் படித்த ஒரு தம்பி, பழைய நிக்காஹ், தலாக் பதிவேடுகளின் பக்கங்களைப் போனில் படமெடுத்து முகநூலில் போட்டிருந்தார். "எங்கள் ஊர் வரலாறு" என்று தலைப்பு. ஒவ்வொரு படத்தின் மேலும் அவருடைய பெயர். லைக் குவிந்தது. இரண்டாம் நாள் ஒருவர் எனக்குக் கோல் எடுத்தார். "சேர், எங்கட உம்மாட தலாக் விஷயம் அதில கிடக்கு. யாரைக் கேட்டுப் போட்டாங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. சொன்னவுடன் தம்பி நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் எத்தனை போனுக்குப் போனதோ, அல்லாஹ்தான் அறிவான்.

இதைக் கேட்ட சிலர், "இனி யாருக்கும் பழைய கொப்பிகளைக் காட்டக் கூடாது" என்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு மனிதர்களும் போனார்கள், அவர்கள் வைத்திருந்த கடதாசிகளும் போயின. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, பிறப்பைக் காட்ட ஒரு துண்டு இல்லாமல் தோட்டத்து மக்கள் பட்ட பாட்டை நம் மாவட்டம் மறக்க முடியாது. மழையும் கறையானும் அனுமதி கேட்டு வருவதில்லை. படம் எடுத்து வைக்கத்தான் வேண்டும்.

ஆனால் எடுப்பது வேறு, பரப்புவது வேறு.

நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் வாழும் காலமும் இறந்து 70 வருடமும் பதிப்புரிமை உண்டு. அறிஞர் சித்திலெப்பை 1898இல் மௌத்தானார். அவர் எழுத்தை யாரும் அச்சிடலாம். சி.வி. வேலுப்பிள்ளை 1984இல் காலமானார். அவர் எழுத்துக்கு 2054 வரை உரிமை இருக்கிறது. ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த அதே சட்டம் இடம் தருகிறது. முழுப் புத்தகத்தையும் பீடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் விடுவது அந்த அளவுக்குள் வராது. 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளமும் எழுத்தாளரிடம் அனுமதி கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறது.

பதிவேட்டில் உள்ள பெயருக்கும் திகதிக்கும் பதிப்புரிமை இல்லைதான். அதனால் அதைப் பரப்பலாம் என்று ஆகாது. அது ஒரு குடும்பத்தின் மானம். நம்மிடம் காட்டியவர் தந்தது அமானிதம். பக்கத்தைப் படமெடுத்ததால் அது நம் சொத்தாகிவிடாது. அதன் மேல் நம் பெயரைப் பொறிப்பதும் சரியில்லை. எங்கே, யாரிடம் இருந்தது என்று எழுதுவதே முறை.

பிள்ளைகளுக்கு நான் இனிச் சொல்லப்போவது இதுதான். முதலில் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். எடுத்த படங்களின் ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விபரத்தை வெளியே விடாதீர்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும், தோட்டத்தில் பழைய செக்ரோல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அலுமாரியைப் பூட்டி வைப்பது மட்டும் பாதுகாப்பு அல்ல. முறையாகக் கேட்டு வருகிற பிள்ளைக்குத் திறந்து காட்டுங்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அதுவும் போய்விடும்.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நானே வருகிறேன், கேட்டுத்தான் எடுப்பேன், இன்ஷா அல்லாஹ்.