பரிசு பெற்ற மாணவர் வரைந்த நகரம்

ஒரு மாணவர் பரிசு பெற்றார் என்று கேட்டவுடன் நாம் மகிழ்ந்து பாராட்டுகின்றோம். அப்பரிசினைக் கொண்டு அவர் பின்னர் யாது செய்தார் என்று கேட்பவர் சிலரே. இவ்வாரம் அக்கேள்வியை எழுப்பிப் பார்ப்போம்.

கட்டிடக்கலை மாணாக்கருக்கென ஏற்பட்ட பரிசுகளுள் நெடுங்காலம் தலைசிறந்து விளங்கியது பிரான்சு தேசத்தின் உரோமாபுரிப் பரிசு. 1720ஆம் ஆண்டு முதல் 1968ஆம் ஆண்டு வரை, சிற்சில இடையீடுகளுடன், இப்பரிசு கட்டிடக்கலைக்கு வழங்கப்பட்டு வந்தது. போட்டியிடுவோர் தனித்தனி அறைகளில் அடைபட்டு, ஆசிரியர் துணையின்றி, குறித்த நேரத்துள் முதல் வரைவை முடித்தல் வேண்டும். பின்னர் பல வாரங்கள் அதனை விரித்து வரையலாம். ஆனால் முதல் வரைவினின்றும் விலகுதல் கூடாது. வென்றவர் அரசாங்கச் செலவில் உரோமாபுரி சென்று, மெடிச்சி மாளிகையில் சில ஆண்டுகள் தங்குவார். உணவுக்கும் உறையுளுக்கும் கவலையில்லை. கடமை ஒன்றே உண்டு. பண்டைக் கோயில்களையும் மண்டபங்களையும் அளந்து வரைந்து, ஆண்டுதோறும் பாரிசில் உள்ள கலைக்கழகத்துக்கு அனுப்புதல் வேண்டும்.

இப்பரிசைப் பலமுறை முயன்று, 1899ஆம் ஆண்டிற் பெற்றவர் ரொனி கார்னியே. பட்டு நெசவுக்குப் பெயர்போன லியோன் நகரிலே, நெசவுத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில், 1869இற் பிறந்தவர். பரிசை அவருக்கு ஈட்டித் தந்தது ஓர் அரசாங்க வங்கிக்கு அவர் வரைந்த மாளிகை. ஆனால் உரோமாபுரி சேர்ந்த பின்னர் அவருள்ளம் மாளிகைகளை நாடவில்லை. உழைக்கும் மக்கள் வாழ்வதற்கேற்ற நகரொன்றை நாடியது.

ஏறத்தாழ 35,000 மக்களுக்கென அவர் வரைந்த நகரத்திலே, தொழிற்சாலைகள் ஒருபுறம், வீடுகள் மறுபுறம், நடுவே பசும்புல்வெளி. ஆற்றை மறித்துக் கட்டிய அணையிலிருந்து மின்சாரம். வெயில் நோக்கிய சரிவில் வைத்தியசாலை. படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் புகும் சாளரம். வீடுகளுக்கிடையே வேலியில்லை, நகர் முழுவதையும் ஒரு பூங்காவினூடே நடப்பது போல நடந்து கடக்கலாம். சிறைச்சாலையையும் படைவீட்டையும் அவர் வரையவேயில்லை. நீதியான சமூகத்திற்கு அவை வேண்டா என்று கருதினார்.

1901இல் இவ்வரைபடங்கள் பாரிசு சேர்ந்தபோது கலைக்கழகத்தார் அவற்றை ஏற்க மறுத்தனர். பழமையை அளக்க அனுப்பிய மாணவர் வருங்காலத்தை அளந்து அனுப்பினால், அவர்கள் என் செய்வர்? கார்னியே பிணங்கவில்லை. ரஸ்குலம் என்னும் பழைய ஊரின் தோற்றத்தையும் வரைந்தனுப்பித் தம் கடமையை நிறைவேற்றினார். ஆயினும் தம் நகரத்தைக் கைவிட்டாரல்லர். 1904இல் அதன் படங்கள் காட்சிக்கு வந்தன. 1917இற் பெருநூலாக அச்சேறின.

கனவிலேயே முடிந்துவிட்டதோ எனின், இல்லை. லியோனின் நகரபிதாவாக 1905இற் பதவியேற்ற எதுவார் எரியோ அவரை அழைத்துப் பணிகளை ஒப்படைத்தார். மாட்டுச் சந்தைக்கென எழுந்த மண்டபம் 80 மீற்றர் அகலத்தை உள்ளே ஒரு தூணுமின்றி மூடி நிற்கின்றது. இன்று கார்னியேயின் பெயரைத் தாங்கி இசையரங்காக விளங்குகின்றது. பின்னர் பெரிய வைத்தியசாலையும் தொழிலாளர் குடியிருப்பும் எழுந்தன. உரோமாபுரியிற் கடதாசியில் இருந்தவற்றுட் சில லியோனிற் கொங்கிரீட்டாகி நின்றன. இளைஞராய் அவரைக் கண்டு சென்ற லெ கோபூசியே பிற்காலத்தில் தம் நூலில் அந்நகரத்தை எடுத்துப் பேசினார்.

கலைக்கழகத்தாரை நாம் முற்றும் பழித்தலும் நேரிதன்று. அவர்கள் மறுத்த நகரத்தை வரைவதற்கு வேண்டிய ஓய்வை ஈந்தது அவர்கள் கொடுத்த பரிசே. பதக்கம் பெட்டிக்குள் இருக்கும், பணம் செலவாகிவிடும். கவலையற்ற நான்கைந்து ஆண்டுகள் ஓர் இளைஞருக்குக் கிடைப்பது அரிது. பரிசளிப்போர் அக்காலத்தைக் கொடுக்கட்டும். பெறுவோர் அதனைத் தம் ஊருக்குப் பயன்படும் ஒன்றிற்குச் செலவிடட்டும். கேட்டதற்கு மேலாக ஒரு மாணவர் கொண்டு வந்து காட்டும்போது, மறுக்குமுன் ஒருமுறை விரித்துப் பார்த்தல் ஆசிரியர் கடன்.