முன்பக்கம் குனிந்த பிக்கப்: ஏற்றலாமா, விட்டுவிடலாமா?

ஹைலக்ஸ், ரேஞ்சர், டிமேக்ஸ் என எந்தப் பிக்கப்பையும் வெறும் வண்டியாகப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் சற்றுக் குனிந்தும் நிற்கும். வாங்கிய ஒரு மாதத்தில் பிள்ளைகளுக்கு அது கண்ணை உறுத்தத் தொடங்கிவிடும். "முன்னுக்கு ரெண்டு இஞ்ச் ஏத்திருவோம்பா" என்று வீட்டில் பேச்சு எழும். அப்பாவுக்கு அது பிழைப்புக்கான வண்டி, மகனுக்கோ நண்பர்கள் மத்தியில் கெத்து. இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

முதலில், அந்தக் குனிவு தயாரிப்பாளரின் கவனக்குறைவு அல்ல. பின்பக்கம் இருப்பது லீஃப் ஸ்பிரிங் எனும் அடுக்குப் பட்டைகள். ஏறக்குறைய ஒரு டன் சுமை ஏறும்போது அவை அமுங்கி, வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதே கணக்கு. காலி வண்டியை மட்டமாக்கிவிட்டு, கேமரன் மலையிலிருந்து காய்கறிக் கூடைகளை அடுக்கினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். வாரத்தில் நான்கு நாள் சுமை ஏற்றும் குடும்பம் என்றால், என்னைக் கேட்டால், இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

நன்மை இல்லாமல் இல்லை. செம்பனைத் தோட்டத்து மண்பாதையிலோ ரவுப் பக்கத்து டுரியான் தோட்டத்து மேட்டிலோ ஏறும்போது முன்பம்பர் தரையில் இடிப்பது குறையும். சற்றுப் பெரிய டயருக்கும் இடம் கிடைக்கும். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை, முன்பக்கத்தை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. பாதையின் நடுமேட்டில் தட்டுவது பெரும்பாலும் அதுதான். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. அதற்கும் விலை உண்டு: 265/65R17 டயரை 265/70R17 ஆக மாற்றினால் விட்டம் 3.4 விழுக்காடு கூடும். மீட்டர் 110 காட்டும்போது வண்டியின் வேகம் முன்பைவிட கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் அதிகமாக இருக்கும்.

வேலை எப்படி நடக்கிறது? ஹைலக்ஸ் டைகர், முதல் தலைமுறை டிமேக்ஸ் போன்ற பழைய ஃபோர்வீல் வண்டிகளில் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கினாலே போதும், காசே ஆகாது. ஆனால் சக்கரம் கீழிறங்க இருக்கும் இடம் குறைந்து, பள்ளத்தில் 'டக்' என்று இடிக்கும். காயில் ஸ்பிரிங் வண்டிகளில் ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு ஸ்பேசர் வைப்பார்கள். ஸ்ட்ரட், கீழ்க் கையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், ஓர் அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் சுமார் இரண்டு அங்குலமாக வெளிப்படும். 'சின்னத் துண்டுதானே' என்று தடித்ததை வாங்கிப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். டிரைவ் ஷாஃப்ட் கூடுதல் சாய்வில் சுற்றும், அதன் ரப்பர் உறை கிழியும், மேல் கையின் பால் ஜாயிண்ட் எல்லையைத் தொடும். முறையான ஸ்பிரிங், அப்சார்பர், மேல் கை எல்லாம் சேர்த்து மாற்றினால் நன்றாக இருக்கும். ஆனால் அது ஆயிரக்கணக்கான வெள்ளி வேலை. எதைச் செய்தாலும் அன்றே அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். தவறினால் சில மாதங்களில் டயரின் ஓரம் தேய்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குப் பெரிய கவலை விளக்குதான். ஹைலக்ஸின் இரு அச்சுகளுக்கு இடையே 3,085 மில்லிமீட்டர். முன்னால் 50 மில்லிமீட்டர் ஏற்றினால் வண்டியின் சாய்வு 1.6 விழுக்காடு மாறுகிறது. லோ பீம் ஒளி பொதுவாக 1 முதல் 1.5 விழுக்காடு அளவில்தான் கீழ்நோக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சரிவு முழுவதும் போய்விடுகிறது. 25 மீட்டர் தூரத்தில் ஒளியின் மேல்விளிம்பு 40 சென்டிமீட்டர் ஏறும், விளக்கே உயர்ந்ததையும் சேர்த்தால் 45. இரவு ஷிஃப்ட் முடிந்து இருட்டான கம்பத்துச் சாலையில் கப்சாயில் வருகிறவரின் கண் இருக்கும் உயரத்தை நினைத்துப் பாருங்கள். பின்னால் சுமையும் ஏறினால் இன்னும் மோசம்.

தாள்கள் விஷயத்தையும் முன்கூட்டியே பாருங்கள். பட்டறைக்காரர் 'எல்லாரும் செய்றாங்க' என்பது அனுமதி ஆகாது. ஜேபிஜேயிடம் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து இழப்பீட்டின்போது சிக்கலாகலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டி என்றால் விற்பனை நிலையத்திலும் ஒரு வார்த்தை. முன்கேமரா, ராடார் உள்ள புது மாடல்களில் அவற்றையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏற்றத்தான் போகிறீர்கள் என்றால், ஓர் அங்குலத்தோடு நிறுத்துங்கள். வேலைக்கு முன், சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தையும் லோ பீம் விளிம்பையும் சுவரில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடைவெளி வரும்வரை விளக்குத் திருகைத் திருகச் சொல்லுங்கள். அது முடியாமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள்.