கடைசியில் சாப்பிடுகிறவள்



பிழைப்புக்காக நாம் வந்து குடியேறிய மகாராஷ்டிரா மாநிலத்தின் சுகாதாரக் கணக்கைப் பார்த்தால் முதலில் மனம் மகிழ்கிறது. ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2004-06ஆம் ஆண்டுகளில் 130 தாய்மார் மரித்தனர். 2018-20இல் அந்த எண் 33 ஆகக் குறைந்தது. அப்பொழுது நாட்டின் சராசரி 97. கேரளம் ஒன்றே இம்மாநிலத்திற்கு முன்னே நின்றது.

ஆனால் மரணத்துக்குத் தப்புவது வேறு, சுகமாயிருப்பது வேறு. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2015-16இல் இங்கே 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 48 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். 2019-21இல் 54 பேர். சிறு பிள்ளைகளின் கணக்கோ 54இலிருந்து 69க்கு ஏறிவிட்டது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளி இரத்தத்தில் பார்ப்பதால் கணக்கு மிகைப்படலாம் என்று வல்லுநர் சிலர் வாதிக்கிறார்கள். இருக்கட்டும், பத்துப் பேரைக் கழித்தாலும் மீதி சிறு தொகையல்ல.

நாடு முழுவதிலும் அதே 2019-21 ஆய்வில் பெண்களில் 57 பேர், ஆண்களில் 25 பேர். ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. ஏன் இந்த வேற்றுமை? மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் ஒரு காரணம். இன்னொன்றை நம் அடுப்படியில் காணலாம். விடியுமுன் தண்ணீர் பிடித்து, கணவருக்கு டிபன் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் அவள் குடிப்பது ஒரு டம்ளர் தேநீர். மதியம் மிஞ்சிய குழம்பு. முட்டை எண்ணி வாங்கப்படுகிறது. அந்த எண்ணிக்கையில் அவள் இல்லை! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், “பெண் சரீரம் பெலவீனம்தானே” என்று விட்டுவிடுகிறோம்.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11. அரசு மருத்துவமனைகளில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். கர்ப்பிணி நான்காம் மாதமுதல் நாள்தோறும் 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்து பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். அது மாத்திரையின் இரும்பினால் வருவது, தீங்கில்லை. தேநீரோடு விழுங்கினால் சத்து சரீரத்தில் குறைவாகவே சேரும். எலுமிச்சைச்சாறு சேர உதவும். ஊரில் பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்தார்களே, அது வீண் வழக்கமல்ல. கீரையும், பயறும், இங்கே நாச்னி என்று விற்கும் கேழ்வரகும் நல்லவை. ஆனால் குறைவு அதிகமானால் உணவு மட்டும் போதாது. மாதவிலக்கு மிகுதியாயிருந்தாலோ, மாத்திரை உட்கொண்டும் எண் ஏறாவிட்டாலோ, மருத்துவர் காரணத்தைத் தேடவேண்டும்.

கர்ப்பிணிச் சகோதரி உபவாசம் இருக்க விரும்பினால், முதலில் மருத்துவரிடம் கேட்கட்டும். கணவன்மாருக்கு ஒரு கேள்வி: உங்கள் மனைவியின் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்று தெரியுமா?