பாலைவனம் யாருடைய வீடு?

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களிலே உள்ள தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் லாஸ் வேகாஸ் நகரிலிருந்தே புறப்படுகின்றனர். மேற்கே டெத் வலி, தெற்கே ஜோஷுவா ட்ரீ, கிழக்கே கிராண்ட் கன்யன் என்று வட்டமடித்துத் திரும்பினால் பயணத் தூரம் 1,500 கிலோமீற்றரைத் தாண்டும். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீராவது வாகனத்தில் இருக்க வேண்டும். பெற்றோல் நிலையத்தைக் கண்ட இடத்திலே தாங்கியை நிரப்பிக்கொள்வது புத்தி. பல இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது.

இவற்றையெல்லாம் பயணக் கையேடுகள் தவறாமல் சொல்லிவிடுகின்றன. பெரும்பாலான கையேடுகள் போகிறபோக்கில் தொட்டுச் செல்லும் ஒரு விடயத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அந்த நிலம் வெறுமையானதன்று.

டெத் வலி என்றால் மரணப் பள்ளத்தாக்கு. 1849இல் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போகும் வழியில் அங்கே சிக்கித் தவித்தவர்களால் வந்த பெயர் அது. அதன் பட்வோட்டர் என்னும் தாழ்நிலம் கடல் மட்டத்திற்கு 86 மீற்றர் கீழே கிடக்கிறது. 1913இல் இப்பள்ளத்தாக்கில் பதிவான 56.7 பாகை செல்சியஸ் வெப்பமே உலகின் அதிகூடிய வெப்பநிலையாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. வழி தெரியாமல் வந்தவனுக்கு அது மரணப் பள்ளத்தாக்காகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு அது வீடு. கோடையில் அருகிலுள்ள மலைகளில் ஏறிப் பைன் விதைகளைச் சேகரிப்பார்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கு இறங்குவார்கள். மெஸ்கீட் மரத்தின் காய்களை இடித்து மாவாக்கி உண்பார்கள். தங்கள் வீட்டுக்கு மரணத்தின் பெயரைச் சூட்டியதை அவர்களின் மூத்தோர் ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை.

1933இல் அந்நிலம் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில், சில மாதங்களுக்குள்ளேயே, சுரங்கம் தோண்டுவதற்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. மண்ணின் மைந்தர்களுக்கோ 1936இல் பேர்னஸ் கிறீக் பகுதியில் 40 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை. 1957இல் பூங்கா நிர்வாகம் வகுத்த கொள்கையின்படி, குடியிருப்பவர் வெளியேறிய மண்வீடுகள் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைக்கப்பட்டன. கோடை வெப்பத்துக்கு அஞ்சி மலைக்குப் போய் வந்தவர்கள் திரும்பியபோது தம் வீட்டைக் காணாத கதையும் இதில் அடங்கும். அவர்களை ஒரு பழங்குடியினமாக அரசு அங்கீகரித்தது 1983இலேதான்.

இதனோடு இன்னொரு வழக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நெவாடா மாநிலத்தில் டெவில்ஸ் ஹோல் என்றொரு ஆழமான நீர்க்குழி உள்ளது. டெத் வலியிலிருந்து விலகி இருந்தாலும் அதன் ஒரு பகுதியாகவே அது நிர்வகிக்கப்படுகிறது. இயற்கையில் வேறெங்கும் காணப்படாத, ஓர் அங்குல நீளமேயுள்ள மீனினம் ஒன்று அதில் வாழ்கிறது. அயலிலிருந்த பண்ணை நிலத்தடி நீரை இறைத்ததால் குழியின் நீர்மட்டம் இறங்கியபோது அரசாங்கமே வழக்குத் தொடுத்தது. மீன் வாழ்வதற்கு வேண்டிய நீர்மட்டம் பேணப்பட வேண்டும் என்று 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

போற்றத்தக்க தீர்ப்பு அது. எனினும் அதே பாலைவனத்து மனிதர்களுக்குச் சொந்த நிலம் கிடைக்க மேலும் 24 ஆண்டுகள் சென்றன. 2000இல் நிறைவேறிய தாயகச் சட்டம் டிம்பிஷா மக்களுக்கு 7,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வழங்கியது. அதில் 300 ஏக்கருக்குச் சற்றுக் கூடிய பகுதி பேர்னஸ் கிறீக்கில், பூங்காவின் நடுவிலேயே உள்ளது. கிராண்ட் கன்யனிலும் இதே கதைதான். 1882இல் 518 ஏக்கருக்குள் ஒடுக்கப்பட்ட ஹவசுப்பாய் மக்களுக்கு 1975இலேயே சுமார் 185,000 ஏக்கர் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

தேசியப் பூங்காக்கள் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அவை இல்லாதிருந்தால் சுரங்கங்களும் விடுதிகளும் எதையும் விட்டுவைத்திருக்கமாட்டா. ஆனால் நிலத்தைக் காப்பதற்கு அதன் மக்களை அகற்றவேண்டும் என்ற எண்ணம் தவறானது என்பதை அந்த நாடே காலந்தாழ்த்தியேனும் ஒப்புக்கொண்டிருக்கிறது. மரபு நிலத்தின் பராமரிப்பில் டிம்பிஷா மக்களுக்கும் பங்குண்டு என்று அந்தச் சட்டம் கூறுகிறது. மெஸ்கீட் தோப்பை எப்படிப் பேணுவது என்று அதில் வாழ்ந்தவரை விட அறிந்தவர் யார்?

அவ்வழியே பயணம் செய்யும் நம்மவர்கள் பட்வோட்டரின் உப்புவெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. பேர்னஸ் கிறீக்கில் அந்தச் சிறு குடியிருப்பு இன்றும் இருக்கிறது. அதனருகே போகும்போது வாகனத்தின் வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். அது காட்சிப் பொருளன்று. இன்னொருவரின் வீட்டு முற்றம்.