ஓசி வேற, உரிமை வேற

போன வருசம் நம்ம தெருப் பையன் ஒருத்தன், பொறியியல் கடைசி வருசம், கல்லூரியிலிருந்து மூஞ்சி தொங்கிப்போய் வந்தான். நாலு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட். புரோகிராமில் முக்கால்வாசி இவன் எழுதினது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்து எழுதினதை நானே பார்த்திருக்கிறேன். பரிசு வாங்க மேடை ஏறினது வேறொருத்தன். 'நீ டைப் அடிச்சுக் குடுத்த, அவ்வளவுதானப்பா' என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். பென் டிரைவில் இருந்தது கடைசிப் பிரதி மட்டும். எந்த வரியை எவன் எழுதினான் என்பதற்குத் தடயமே இல்லை. அவன் அம்மா வாழப்பாடியில் வருசக்கணக்காகப் பாக்கு உரிக்கிறவர். எந்தக் கை உரிச்சதுன்னு மூட்டை மேல யாரும் எழுதுவதில்லை.

அன்றைக்குத்தான் 'கிட்' பற்றிப் பேச ஆரம்பித்தோம். கணக்குப் பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரி மாறியது, யார் மாற்றினார், எப்போது, என்ன காரணம் சொல்லி, எல்லாம் பதிவாகும். ஒவ்வொரு பதிவுக்கும் நாற்பது எழுத்தில் ஓர் அடையாளம். முந்தைய பதிவின் அடையாளத்தையும் சேர்த்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. பழைய பதிவொன்றில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை அடையாளமும் மாறிப்போகும். திருத்தவே முடியாது என்றில்லை, முடியும். ஆனால் முழு வரலாறும் ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பிரதி இருக்கிறதே! ஒருத்தன் தன் வீட்டில் உட்கார்ந்து கமுக்கமாக மாற்றிவிட்டு, 'ஆதியிலிருந்தே இப்படித்தான்' என்று சாதிக்க முடியாது. இந்த 'ஆதியிலிருந்தே இப்படித்தான்' நமக்கென்ன புதுசா?

இது பிறந்த கதையைப் பாருங்கள். லினக்ஸ் கெர்னலை எழுதுகிறவர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் கருவியைக் காசில்லாமல் பயன்படுத்தினார்கள். நிபந்தனை: இதைப்போல இன்னொன்றை நீங்கள் செய்யக் கூடாது. 2005-ல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் அந்தக் கிணற்றில் இறைக்க நாமே ஒரு கயிறு திரிப்போமே என்று முயன்றார். உடனே முதலாளி லாரி மெக்வாய் ஓசி உரிமத்தையே நிறுத்திவிட்டார். ஊர்க் கிணற்றில் அவர்களாகச் சேந்தி ஊற்றினால்தான் தண்ணி என்று குடத்தோடு நின்ற நம் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (அவர்களுக்கு நேர்ந்தது தீண்டாமை அல்ல, வெறும் அசௌகரியம். அதையும் மறக்க வேண்டாம்.) லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3-ம் தேதி எழுத உட்கார்ந்தார், 7-ம் தேதி கிட் தன் வரலாற்றைத் தானே பதியத் தொடங்கிவிட்டது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமம் அதற்கு. 2016-ல் பிட்கீப்பரும் பூட்டைத் திறந்தது. அதற்குள் ஊரே வேறு கிணற்றுக்குப் போய்விட்டிருந்தது.

வாழப்பாடியில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இரண்டு. அந்தத் திட்டம் 2011-ல் தொடங்கியது. எங்களிடம் இருந்தவற்றில் விண்டோசோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. சொல்லித்தர ஆளில்லாமல் அந்தப் பக்கம் யாரும் போனதில்லை. (அதற்கும் முன்னாலேயே எல்காட்டில் லினக்சைக் கொண்டுவந்தவர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 2010-ல் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, எதிர்ப்பு கிளம்பியதும் ரத்து செய்தார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரியது.) பழைய இயந்திரம் என்பதால் டெபியன் போட்டோம். 'ஆப்ட் இன்ஸ்டால் கிட்', ஒரே வரி. பிறகு 'கிட் கான்ஃபிக்'கில் பெயரும் மின்னஞ்சலும் கொடுக்க வேண்டும். 'வேற எதுவும் கேக்காதாண்ணா?' என்றாள் ஒரு பிள்ளை. கேட்காது. 'இனிட்' என்றால் பேரேடு திறக்கும், 'ஆட்' எடுத்துவைக்கும், 'கமிட்' பெயரோடு பதியும். இதற்கு இன்டர்நெட்டே வேண்டாம். ரீசார்ஜ் தீர்ந்த வாரங்களில் ஒரு பென் டிரைவையே பொதுக் களஞ்சியமாக வைத்துக்கொண்டோம். சவ்வரிசி மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவன் அதிலிருந்து 'புல்' செய்வான், எழுதுவான், 'புஷ்' செய்து அடுத்த வீட்டில் கொடுப்பான்.

எங்களை நிஜமாகவே அலைக்கழித்தது எழுத்துருதான். 90-களில் டிடிபி சென்டரில் அடித்த துண்டறிக்கைகள் சென்டருக்கு ஓர் எழுத்துரு; அது இல்லாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். அதையும் வேர்டு கோப்பாக வைக்காமல் வெறும் எழுத்துக் கோப்பாக வைத்தால்தான் கிட் வரிக்கு வரி வித்தியாசம் காட்டும்.

இதைச் சொன்னால் 'கம்ப்யூட்டருக்கு ஏது சாதி' என்று ஒரு கூட்டம் கிளம்பும். கம்ப்யூட்டருக்கு இல்லை. உன் வரியை ஏற்கிறேன், ஏற்கமாட்டேன் என்று சொல்ல வாசலில் உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு உண்டு. தலித் பொறியாளர் ஒருவரிடம் சாதி பார்த்ததாகச் சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு மேலாளர்கள் மீதும் கலிபோர்னியா அரசுத் துறை 2020-ல் வழக்குப் போட்டது. 2023-ல் மேலாளர்கள் மீதான வழக்கைத் துறையே விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதானதை விடவில்லை. இன்னொன்று: கிட் பெயரைக் கேட்குமே தவிரச் சரிபார்க்காது. உன் வேலையைத் தன் பேரில் பதிகிறவன் இங்கேயும் இருப்பான். அதனால் அன்றன்றைக்கு எழுதினதை அன்றன்றைக்கே பதிய வேண்டும், பிரதியை இன்னும் நாலு பேரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.

நம் பசங்க கிட்ஹப்பையே கிட் என்று நினைக்கிறார்கள். கிட்ஹப் ஒரு கடை. 2018-ல் மைக்ரோசாப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019-ல் அமெரிக்கத் தடையைச் சொல்லி ஈரான், சிரியா, கிரீமியாக்காரர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்தினார்கள். வேலை தேட அங்கே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலப் பிரதி நம்ம வீட்டில் இருக்கட்டும்.

போன ஞாயிறு சுடுகாட்டுப் பாதைக்கான மனுவில் ஒரே வரியை இரண்டு பேர் மாற்றியிருந்தார்கள். ஒருத்தர் 'வேண்டுகிறோம்', இன்னொருத்தர் 'கேட்கிறோம்'. கிட் இரண்டையும் காட்டி நின்றுவிட்டது. ராத்திரி பத்து மணி வரைக்கும் சண்டை, இன்னும் முடியவில்லை. வருகிற ஞாயிறும் உட்காருகிறோம். மடிக்கணினி இல்லாதவர்களும் வரலாம். சார்ஜர் இருந்தால் ஒன்று எடுத்து வாருங்கள், எங்களுடையது வயர் அறுந்துபோச்சு.