புதிய ரவுட்டர் வாங்குமுன்

வீட்டு இணையத்தை விரைவுபடுத்த எந்த ரவுட்டரை வாங்கலாம் என்று சில திங்களாக நம் சங்க அன்பர்கள் பலர் வினவி வருகின்றனர். அவருள் ஃபீனிக்ஸ் பே பகுதியில் குடியிருப்போரே மிகுதி. சம்பளத்தில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு இங்கே குடும்பம் நடத்துவோர்க்கு நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் என்பது சிறு தொகை அன்று. அத்தொகையைச் செலவிட்ட பின்னரும் பிள்ளையின் பாடம் நடுவிலே நின்று போகுமானால், இராமநாதபுரத்திலிருந்து பேசும் அப்பத்தாவின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறுமானால், அக்கருவியால் ஆன பயன் யாது? ஆதலின் எதனை வாங்குவது என்பதற்கு முன்னர், குறை எங்கே உளது என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

நம் தீவுகளைப் பொறுத்தமட்டில் இதற்குரிய விடை 2020ஆம் ஆண்டிலே மாறிவிட்டது. அதுவரையில் நம் இணையம் வானத்தின் வழியாகவே வந்தது. நிலத்திற்கு மேல் ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளுக்கு ஒரு செய்தி ஏறி இறங்கவே கால் நொடி செல்லும்; மறுமொழி வர மற்றொரு கால் நொடி. இருவர் பேசும்போது ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு விழுந்து, இருவருமே நிறுத்தி, மீண்டும் இருவருமே தொடங்கிய அந்நாட்களை யார் மறப்பர்? அவ்வழியின் கொள்ளளவும் தீவுகள் அனைத்துக்கும் போதாததாக இருந்தது.

சென்னையிலிருந்து கடலடியில் கண்ணாடி இழைக் கம்பி இடும் பணிக்கு 2018 டிசம்பர் 30 அன்று, அந்நாளில் போர்ட் பிளேர் என வழங்கிய நம் நகரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்டு 10 அன்று கம்பி பயன்பாட்டிற்கு வந்தது. தீவுகளுக்கிடையே செல்லும் கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். ஹேவ்லாக், ரங்கத், லாங் ஐலண்டு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றையும் அது இணைக்கின்றது. சென்னைக்கும் நம் நகருக்கும் இடையே நொடிக்கு 400 கிகாபிட் செல்லுமாறு அது அமைக்கப்பட்டது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், சென்னைக்குச் சென்று மீள நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. கப்பலில் மூன்று நாள் செல்லும் கடலை ஒளி கடக்கும் விந்தை இது!

செயற்கைக்கோள் காலத்தில் வீட்டு ரவுட்டர் எத்தகையதாக இருப்பினும் பெரிய வேறுபாடு இல்லை. ஆற்றிலே நீர் இல்லாதபோது வயல் மடையைச் செப்பனிட்டு ஆவதென்ன? இன்று ஆற்றில் நீர் வந்துவிட்டது. மடைதான் பல இல்லங்களில் அடைபட்டுக் கிடக்கின்றது. ஆயினும் பழைய வழக்கத்தால் நாம் இன்னும் கடலையே குறை கூறுகின்றோம். அல்லது கடைக்காரர் சொல்லும் விலையுயர்ந்த கருவியை நாடுகின்றோம்.

குறையைக் கண்டறியும் வழி எளிது. இணையம் தரும் பெட்டியிலிருந்து ஒரு லேன் கம்பியை நேரே மடிக்கணினியில் செருகி வேகத்தை அளந்து பார்க்க வேண்டும். ஒரு முறை இரவு ஒன்பது மணிக்கு, மற்றொரு முறை விடியற்காலையில். (நம் தீவில் ஐந்து மணிக்கே பொழுது புலர்ந்துவிடுவதால் இது யார்க்கும் துன்பமன்று.) கம்பியில் முழு வேகமும் வந்து, படுக்கையறையில் வாராதிருப்பின் குறை வீட்டிற்குள் உளது. கம்பியிலேயே வேகம் குறைந்திருப்பின் அக்கம்பியையும் செருகு முனைகளையும் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் குறையுமாயின் இணையம் தரும் அலுவலகத்தாரிடம் முறையிடுவதே தக்கது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரியுமாயின் வெளியிலிருந்து வரும் ஒளி நின்றுவிட்டது என்று கொள்ளலாம். இழைக் கம்பியை ஆணியில் மடக்கி மாட்டியதால் ஒளி கசிந்து போன வீடுகளும் உண்டு. அதனைப் பெரிய வளையமாகவே சுற்றி வைத்தல் வேண்டும்.

இனி வீட்டிற்குள் வருவோம். ஃபீனிக்ஸ் பேயின் படகுத்துறையிலிருந்து மேட்டை நோக்கி ஏறும் தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கூரை தகரம், சில வீடுகளில் தடுப்பும் தகரமே. மரப்பலகையை ஊடுருவும் வைஃபை அலை செங்கற்சுவரில் பாதி மெலியும். தகரத்திலோ பட்டுத் திரும்பிவிடும். இணைப்புத் தர வரும் ஊழியர் கம்பி நுழையும் வாயிலருகிலேயே பெட்டியை மாட்டிச் செல்வார். நாமோ அதன்முன் இரும்பு பீரோவை நிறுத்துகின்றோம்! ஓர் அன்பரின் இல்லத்தில் பத்து மீட்டர் லேன் கம்பி ஒன்றை மட்டும் வாங்கி, ரவுட்டரை நடுக்கூடத்தில் தலையுயரத்தில் வைத்த அளவிலேயே பின்கட்டு வரை பாடம் தடையின்றி ஓடிற்று. ஐயாயிரம் ரூபாய் ஊருக்குப் போயிற்று.

அலைவரிசையும் கவனிக்கத்தக்கது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும். ஆயின் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. நெருங்கிய குடியிருப்பில் இருபது வீட்டாரும் அம்மூன்றிலேயே நெருக்குண்டு நிற்கின்றனர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இடம் மிகுதி. சுவரைக் கடக்கும் வலிமை குறைவு. எனவே ரவுட்டர் இருக்கும் அறையில் தொலைக்காட்சியையும் கணினியையும் ஐந்திலும், தொலைவிலுள்ள சிறு கருவிகளை இரண்டரையை ஒட்டிய அவ்வலையிலும் இணைப்பது நன்று.

அலையைத் தூக்கிச் செல்ல ‘ரிப்பீட்டர்’ வாங்குவோர் பலர். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலையில் கேட்கவும் பேசவும் வேண்டியிருத்தலின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அவ்விலைக்கு லேன் கம்பி இட்டு, மறுமுனையில் பழைய ரவுட்டரையே ‘ஆக்சஸ் பாயிண்டாக’ மாற்றி வைத்தல் மேல். கம்பி வாங்குகையில் கேட் 5ஈ எனக் கேட்டு, முழுச் செம்பு தானா என்று உசாவுக. செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் அதே உறையில் விற்கப்படுகின்றது. நம் கடற்காற்றில் அது நெடுநாள் நில்லாது. உள்ளே எட்டு இழைகளும் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். நான்கு மட்டும் இணைந்திருப்பின் 200 மெகாபிட் திட்டத்திற்குக் கட்டணம் செலுத்தியும் நூறுக்கு மேல் வாராது. உப்புப் பூத்த செருகு முனையும் இத்தகைய குறையை விளைப்பதுண்டு.

அங்ஙனமாயின் புதிய ரவுட்டர் வேண்டவே வேண்டாவோ? வேண்டும் சில வேளைகள் உள. பழைய கருவி 2.4 அலை ஒன்றையே அறிந்ததாயின், அல்லது அதன் வாயில்கள் நூறு மெகாபிட்டுக்கு மேல் தாரா எனின், மாற்றுவது தகும். உற்பத்தியாளர் அதற்குப் பாதுகாப்பு மென்பொருள் தருவதை நிறுத்திவிட்டாராயின், நன்றாக ஓடினும் மாற்றியே ஆக வேண்டும். வங்கிக் கணக்கும் அவ்வழியே அன்றோ செல்கின்றது! வாங்குவோர்க்கு வைஃபை 6 போதும் என்பது நம் கருத்து. வைஃபை 7 என்று விலையேற்றிக் காட்டுவர். வீட்டிலுள்ள கைப்பேசிகள் அதனை அறியாவிடின் அப்பணம் வீண். ஒற்றை ஆண்டெனா கொண்ட பழைய கைப்பேசி, 2.4 அலையில் எந்த ரவுட்டருடன் இணைந்தாலும் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது மெகாபிட்டே காட்டும்.

வாங்கும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெருநிலத்தில் பழுதான கருவியை மறுநாள் கடையில் மாற்றிக்கொள்வர். நாம் சென்னைக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே இணையக் கடையில் இருநூறு ரூபாய் குறைவு என்பதற்காக மயங்காது, உள்ளூரிலேயே மாற்றித் தர இசையும் கடையில் ரசீதுடன் வாங்குவதை நாம் விரும்புகின்றோம். மிச்சமாகும் பணத்தில் ரவுட்டருக்கென 12 வோல்ட் சிறு யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால், மின்தடையின்போது பேச்சு அறுபடாது; மின்சாரம் மீளும்போது வரும் ஏற்ற இறக்கமும் கருவியை அவ்வளவாகத் தாக்காது.

கடலடிக் கம்பிக்கே பழுது நேரும் நாளில் எந்தக் கருவியும் உதவாது. கைப்பேசி நிறுவனத்தாரும் பெரும்பாலும் அக்கம்பியையே நம்பியிருத்தலின், வேறொரு சிம் வைத்திருப்பினும் முழுத் துணையாகாது. அந்நாட்களில் சாதாரணத் தொலைபேசி அழைப்போ குறுஞ்செய்தியோ சில வேளை செல்லக்கூடும். ஊரிலுள்ள முதியோரிடம் இதனை முன்னரே சொல்லி வைத்தால், முகம் தெரியாத நாளில் அவர்கள் அஞ்சி வருந்த மாட்டார்கள். தேர்வுக்குரிய பாடங்களைப் பிள்ளைகள் இணையம் நன்றாக உள்ள நாளிலேயே இறக்கி வைத்துக்கொள்ளட்டும்.