பிறந்த வீடா, பெண்டிகோவா?



போன வாரம் மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில், நம் பத்திரிகையைத் தவறாமல் படிக்கிற ஒரு அம்மாள் என்னை நிறுத்தினாள். "அக்கா, என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆஸ்திரேலியாவிலே ஏதோ வெளியூர் விசாவாம். நிரந்தரமா இருக்க விடுவாங்களா, பாதியிலே திருப்பி அனுப்பிடுவாங்களா, ஒண்ணும் புரியலே. உங்க தங்கச்சி மகள் அப்படித்தானே போனா? கொஞ்சம் எழுதுங்களேன்" என்றாள்.

கையில் கீரைக்கட்டோடு நடுத்தெருவில் நின்று சொல்லி முடிக்கிற கதையா அது? ஆகவே இந்த இதழில் வடகம், வற்றலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மகள் நர்ஸ். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, இங்கே மதுரையிலேயே ஐந்து வருஷம் வேலை பார்த்தவள். மாப்பிள்ளை பி.காம். படித்துவிட்டுக் கணக்கு எழுதும் உத்தியோகத்தில் இருந்தார். வெளிநாடு போகணும் என்று அவள் சொன்னபோது, முதலில் ஒரு ஏஜெண்டிடம்தான் போனோம். "நூத்துக்கு நூறு விசா வாங்கித் தர்றது என் பொறுப்பும்மா" என்று அந்த ஆள் சொன்ன சொல்லை நம்பி, என் தங்கை இரண்டு வளையலை அடகு வைத்து முன்பணம் கொடுத்தாள். ஆறு மாதம் ஓடிற்று. விசாவும் வரவில்லை, வளையலும் வரவில்லை.

அப்புறம்தான் அந்தப் பெண் தானே உட்கார்ந்து, ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் குடியேற்றத் துறை இணையதளத்தை வரி விடாமல் படித்தாள். எல்லா விவரமும் காசில்லாமல் அங்கே இருக்கிறதாம். நமக்குத்தான் இன்னொருவர் வாயால் கேட்டால் நம்பிக்கை!

"பெரியம்மா, இது ரேஷன் கடை கியூ மாதிரி இல்லே. மார்க் போட்டு ஆள் எடுக்கிறாங்க" என்று ஒரு நாள் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். வயசு இருபத்தைந்திலிருந்து முப்பத்திரண்டுக்குள் இருந்தால் 30 மார்க். பட்டப் படிப்புக்கு 15. ஐந்து வருஷ அனுபவத்துக்கு 10. ஆங்கிலப் பரீட்சையில் அவள் வாங்கின தரத்துக்கு 10. வீட்டுக்காரரும் ஆங்கிலப் பரீட்சை பாஸ் செய்ததற்கு 5. ஆக மொத்தம் 70. குறைந்தது 65 இருந்தால் வரிசையில் நிற்கலாம். ஆனால் நிற்பவர்கள் எல்லோரையும் கூப்பிட மாட்டார்கள். மார்க் கூடினவர்களுக்கும், தட்டுப்பாடான வேலைக்காரர்களுக்கும்தான் முதல் அழைப்பு.

இங்கேதான் அந்த 'வெளியூர் விசா' வருகிறது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் என்ற மூன்று பெரிய பட்டணங்களில் ஜனம் நிரம்பி வழிகிறது. மற்ற ஊர்களில் நர்ஸ் இல்லை, வாத்தியார் இல்லை, எலெக்ட்ரீஷியன் இல்லை. ஆகவே 2019 நவம்பரில் 491 என்ற எண்ணுள்ள விசாவைக் கொண்டுவந்தார்கள். அந்த மூன்று பட்டணங்களை விட்டுவிட்டு மற்ற இடத்தில் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாநில அரசு நம்மை நியமனம் செய்தால் கூடுதலாக 15 மார்க். அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிற நெருங்கிய உறவினர் ஜாமீன் நின்றாலும் அதே 15 தான். இவளுக்கு விக்டோரியா மாநிலம் நியமனம் கொடுத்தது. 70 என்பது 85 ஆயிற்று, அழைப்பும் வந்தது.

வெளியூர் என்றதும் பட்டிக்காடு என்று பயப்படாதீர்கள். அடிலெய்டு, பெர்த், கான்பெரா போன்ற நகரங்கள்கூட இந்தக் கணக்கில் வெளியூர்தான்! இவர்கள் போனது பெண்டிகோ. மெல்போர்னிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். 1851-ல் தங்கம் கிடைத்து வளர்ந்த ஊர். ரயிலும் உண்டு, பெரிய ஆஸ்பத்திரியும் உண்டு.

இந்த விசா ஐந்து வருஷத்துக்கு. இதை நிச்சயதார்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் 191 என்கிற இன்னொரு விசா. அதுதான் நிரந்தர வசிப்புரிமை. மூன்று வருஷம் 491-ல் இருந்து, சொன்ன பேச்சுப்படி வெளியூரிலேயே குடியிருந்து, அங்கேயே வேலை பார்த்து, மூன்று வருமான ஆண்டுகளுக்கு வரி மதிப்பீட்டுச் சீட்டைக் காட்டினால் அதற்கு மனுப் போடலாம். அதுவரை குறுக்கு வழியில் வேறு நிரந்தர விசாவுக்குத் தாவவும் பெரும்பாலும் வழியில்லை.

2023-ல் இருவரும் விமானம் ஏறினார்கள். விசா அவள் பெயரில். மாப்பிள்ளை அவள் குடும்பமாகப் போனவர். எங்கள் தெருவில் சிலர் இதைக் கேட்டு வாயை மூடிச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! ஆனால் நிபந்தனை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். போன நாலாம் மாதம் மாப்பிள்ளைக்கு மெல்போர்னில் நல்ல சம்பளத்தில் ஒரு கம்பெனி வேலை வந்தது. "நான் வாரத்திலே அஞ்சு நாள் அங்கே தங்கிக்கிறேனே" என்றார். அவள் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகலாம், சாமான் வாங்கப் போகலாம். குடியிருக்கவும் வேலை பார்க்கவும் கூடாது. பாவம், ஒரு வருஷத்துக்கு மேல் பெண்டிகோவில் ஒரு கடையில் பெட்டி அடுக்கினார். அதன் பிறகுதான் அதே ஊரில் கணக்கு வேலை கிடைத்தது.

இந்த நிலையில்தான் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சந்தோஷச் செய்தி வந்தது.

என் தங்கைக்குத் தரையில் கால் பாவவில்லை. "ஏழாம் மாசம் வளைகாப்பு. அப்படியே இங்கே பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டிலேதானே! பிள்ளைக்கு அஞ்சு மாசம் ஆனதும் கூட்டிக்கிட்டுப் போகட்டும்" என்று தொட்டிலுக்குக்கூடச் சொல்லிவிட்டாள். நானும் அவள் பக்கம்தான். குளிர் தேசத்தில், எண்ணெய் தேய்த்துவிட ஆளில்லாமல், எந்தப் பெண் பிள்ளை பெறுவாள்?

அன்று இரவு போனில் அந்தப் பெண் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "பெரியம்மா, அம்மாகிட்டே நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும். பிரசவம் இங்கேதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, நாலு காசு பார்த்ததும் பிறந்த வீடு கசந்து போச்சா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மூக்கை உறிஞ்சுகிற ஓசை. அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் என்னை நானே நொந்துகொள்கிறேன்.

அவள் சொன்ன விவரம் இதுதான். பெற்றோர் 491 விசாவில் இருக்கும்போது குழந்தை ஆஸ்திரேலியாவில் பிறந்தால், அதே விசா குழந்தைக்கும் தானாக வந்துவிடுகிறது. பிறந்ததைத் துறைக்குத் தெரிவித்தால் போதும். அதே குழந்தை மதுரையில் பிறந்தால் அப்படி வராது. பின்னால் சேரும் குடும்ப உறுப்பினர் என்று தனியாக மனு, தனியாகக் கட்டணம், தனியாகக் காத்திருப்பு. அது மாதக்கணக்கில் இழுக்கலாம்.

"அதுவரைக்கும் பச்சைப் பிள்ளையை அம்மாகிட்டே விட்டுட்டு நான் வேலைக்குத் திரும்பணும். இல்லேன்னா வேலையை விட்டுட்டு அங்கேயே உட்காரணும். இவருக்கு இன்னும் சரியான வேலை இல்லே. மூணு வருஷ வரிக் கணக்கும் காட்டணும். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க பெரியம்மா" என்றாள்.

நான் என்ன சொல்வேன்? தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையை விட்டுப் பிரிகிற கொடுமை நமக்குத் தெரியாதா? மறுநாள் காலை தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் அழுதாள், என்னைத் திட்டினாள், காப்பி போட மறுத்தாள். கடைசியில் நான் ஒன்று கேட்டேன்: "பிறந்த வீடுன்னா இந்தச் சுவரா, நீயா? நீ எங்கே இருக்கியோ அதுதானே அவளுக்குப் பிறந்த வீடு. நீ கிளம்பு."

"இவருக்குச் சர்க்கரை வியாதி. யாரு சமைச்சுப் போடுவா?"

"என் வீட்டிலே ரெண்டு உருண்டை கேழ்வரகுக் களி கூடக் கிண்ட மாட்டேனா?"

அவள் வீட்டுக்காரரும் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "மதினி சொல்றது சரிதான். நீ போயிட்டு வா."

ஊர் பார்க்கிற விசாவில் மூன்று மாதத்துக்குத் தங்கை போனாள். 2024 ஜூலை, அங்கே நல்ல குளிர்காலம். பெண் குழந்தை, சுகப்பிரசவம். 491 விசாக்காரர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவ உதவியில் சேர உரிமை உண்டு. ஆகவே அரசு ஆஸ்பத்திரியில் பிரசவச் செலவு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேடிக்கை. விக்டோரியாவில் தாய்-சேய் நல நர்ஸ் வீடு தேடி வந்து பார்க்கிறாள். பள்ளிக்கூட வயது வரும்வரை இலவசமாகப் பத்து முறை பரிசோதனை. குறித்துவைக்க ஒரு பச்சை அட்டைப் புத்தகம். தங்கை மடியில் கட்டி எடுத்துப் போயிருந்த சின்னத் தலையணையைப் பார்த்ததும், "தலையணை வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள், தனித் தொட்டிலில்" என்று சொல்லிவிட்டாள். மூச்சு முட்டிவிடும் அபாயமாம். சேனை வைக்கவும் தடை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், ஒரு வயது வரை தேனை வாயிலேயே வைக்கக் கூடாது என்றாள். இதை நம் ஊர் டாக்டர்களும்தானே சொல்கிறார்கள்! சாம்பிராணி போட்ட அன்று கூரையிலிருந்த புகை மணி அலறி, அக்கம்பக்கம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அதோடு சாம்பிராணிக்கும் முழுக்கு. குழந்தைக்குப் புகை ஆகாது என்பதைத் தங்கை அந்த மணியிடம் கற்றுக்கொண்டாள்.

ஆனால் பத்தியச் சமையலும், வெந்நீர் ஊற்றுகிற பக்குவமும், நடு ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுகிற பொறுமையும் எந்த நர்ஸ் புத்தகத்தில் இருக்கிறது? "அம்மா வராட்டி நான் உடைஞ்சு போயிருப்பேன் பெரியம்மா" என்று அவள் சொன்னபோது எனக்கும் கண் கலங்கிவிட்டது.

உங்கள் மகளோ மருமகளோ இந்த வழியில் போவதாக இருந்தால், சில விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

விசா மனு நிலுவையில் இருக்கும்போது குழந்தை உண்டானாலும் பிறந்தாலும் துறைக்கு உடனே எழுதுங்கள். மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே உண்டு. கர்ப்பிணி என்பதை மறைக்காமல் சொன்னால், பிரசவம் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அங்கே பிறந்ததாலேயே குழந்தை ஆஸ்திரேலியக் குடிமகன் ஆகிவிடாது. பெற்றோரில் ஒருவராவது அப்போது குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஆகவே ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, குழந்தைக்கு நம் பாஸ்போர்ட் வாங்கிவிடணும்.

மனைவியோ கணவரோ கூடப் போகிறவருக்கும் ஓரளவு ஆங்கிலம் இருப்பதைக் காட்டணும். இல்லாவிட்டால் பெருந்தொகை கூடுதல் கட்டணம். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருக்கிற பெண்களே, இப்போதே படித்துப் பரீட்சை எழுதுங்கள். உங்களால் குடும்பத்துக்கு மார்க்கும் கூடும்.

குழந்தையோடு போகிறவர்கள் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக எடுத்துப் போங்கள். பி.சி.ஜி. அங்கே எல்லாக் குழந்தைக்கும் போடுவதில்லை. அங்கே பிறந்த பிள்ளையை ஊருக்குக் கூட்டிவருமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரசவம் பார்க்கப் போகிற தாய்மார்களுக்கு மெடிகேர் கிடையாது. பயண இன்ஷூரன்ஸ் எடுக்காமல் கிளம்பாதீர்கள். கறிவேப்பிலை, விதை, பழம் இவற்றைப் பெட்டியில் ஒளிக்காதீர்கள். தின்பண்டம் எதுவானாலும் விமானத்தில் தருகிற அட்டையில் எழுதிவிடுங்கள். மறைத்தால் அபராதம்.

கடைசியாக, விசா நிச்சயம் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நிச்சயம் என்று சொல்ல அந்த அரசாங்கத்தைத் தவிர வேறு யாருக்கும் அதிகாரமில்லை. உதவிக்கு ஆள் வேண்டுமானால், ஆஸ்திரேலிய அரசிடம் பதிவு எண் பெற்றவரா என்று பார்த்து அமர்த்துங்கள்.

அடகு வைத்த அந்த இரண்டு வளையலையும் பேத்தி பிறந்த மூன்றாம் மாதம் மகளே பணம் அனுப்பி மீட்டுவிட்டாள். தங்கை அவற்றைப் போட்டுக்கொள்ளவில்லை. பேத்தி முதல் தடவை மதுரைக்கு வரும்போது அவள் கையில் போடுவதற்காகப் பீரோவில் வைத்திருக்கிறாள். வாங்கி வைத்த தொட்டில் இன்னும் கூடத்து மூலையில் நிற்கிறது. அதில் இப்போது மடித்த துணிகள்.

உங்கள் வீட்டில் இப்படி யோசனை நடந்துகொண்டிருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் வடகத்தோடு சந்திக்கிறேன்.

உங்கள் அன்பு அக்கா